கந்தோருக்கு எதிரே ஒரு கடை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு அப்பா சமையலறையில் மாப் பிசைந்த கையோடு நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டேன். "உம்மட மகன் சொன்னதைக் கேட்டனீரே? ஒட்டாவாவில கவுண்மேந்து வேலையாம், நிரந்தரமாம், இனிப் பூட்டுறது எண்ட கதைக்கே இடமில்லையாம்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. எதிரே இருந்த அரசாங்க அலுவலகம், அந்தக் கந்தோர், பூட்டிக் கிடந்த அந்த இலையுதிர்காலம் முழுவதும் எங்கள் கடையில் நின்று பருப்புச் சூப் கிண்டிய நீ சொல்கிறாய். புதுச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் ஒரே வாரத்தில் மனிதருக்கு எவ்வளவு மறதியைக் கொடுக்கின்றன, பார்.

தொலைபேசியில் உன்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் கதைக்க முடியாது. "ஓம் அம்மா, சரி அம்மா, பேந்து எடுக்கிறன்" என்பாய். அந்தப் பேந்து அடுத்த ஞாயிறுதான் வரும். அதனால்தான் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்கு உன்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் சத்தமாக வாசி, விளங்கிவிடும்.

நீ அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாய். கந்தோருக்கு வீட்டிலிருந்து சான்ட்விச் கொண்டுபோய்க் கணினிக்கு முன்னால் இருந்தே சாப்பிடுகிறாய் என்றாய். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வியட்நாம் சூப்புக்கடை இருக்கிறது என்றும், ஒருத்தரும் போவதில்லை, அந்த மனிசி மத்தியானம் முழுக்க யன்னலுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும் என்றும் சொன்னாய். காலநிலை சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். எனக்கு அது ஒரு கிழமையாக நெஞ்சில் நிற்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் எங்கள் கதைக்கு வா.

நாங்கள் இங்கே மொன்றியலில் அந்தக் கடையை எடுத்தபோது எல்லோரும் அதிர்ஷ்டக்காரர் என்றுதான் சொன்னார்கள். முன்னால் ஐந்தாறு மாடியில் அரசாங்கக் கந்தோர், பக்கத்தில் மெத்ரோ வாசல். மத்தியானமானால் நூற்றுக்கணக்கான வயிறுகள் தெருவைக் கடந்து வரும். மழையோ பனியோ, அரசாங்கத்துக்குப் பசிக்காமல் விடுமா என்பார் அப்பா. இந்த நகரத்துக்கு வந்த நாள் முதல் அடுத்தவருடைய சமையலறைகளில் கோப்பை கழுவிய மனிதர் அவர். சொந்தமாக ஒரு அடுப்பு கிடைத்ததும் அதற்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டதை நீயும் பார்த்தாய்தானே. முதலில் சூப், சான்ட்விச், கோப்பி. பிறகு நான் மெல்ல மெல்ல எங்கள் ஊர்ப் பொரித்த பலகாரங்களான மீன் றோல்ஸையும் பற்றிஸையும் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைத்தேன். அவற்றை முதலில் கடித்துப் பார்த்தது மதாம் ழினெட்.

ழினெட்டை நினைவிருக்கும். சிவப்புக் கோட், குட்டைத் தலைமுடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யிலிருந்து வருகிறவர். கந்தோரின் கீழ்த்தளத்தில், வேலை போனவர்களுக்குச் சொமாஜ் காசு எடுத்துக் கொடுக்கிற பகுதியில் இருந்தார். எங்கள் பெயர் அவர் வாயில் நுழையாது. என்னை மதாம் சூப் என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு நாளும் "பா ட்ரோ பிக்கான்" என்று, உறைப்புக் குறையப் போடச் சொல்லிக் கும்பிடாத குறையாகக் கேட்பார். ஒவ்வொரு நாளும் கண்ணீர் வழியச் சாப்பிட்டுவிட்டு நாளைக்கும் வருவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் விசில் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தால் கந்தோர் வாசலில் கொடிகளும் பதாகைகளும். ஒருவர் ஒலிபெருக்கியில் கத்த மற்றவர்கள் திருப்பிக் கத்தினார்கள். நடுவில் சிவப்புக் கோட். நான் அகப்பையைப் போட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ, ஹர்த்தால்! பூட்டுங்கோ!" என்றேன். எங்கள் ஊரில் ஹர்த்தால் என்றால் என்ன என்று உனக்கு நாங்கள் சொல்லித்தரவில்லை, உனக்கு அது தேவைப்படவும் இல்லை. பஸ் ஓடாது, பள்ளிக்கூடம் கிடையாது, கடைக்காரன் ஒரு கேள்வி கேட்காமல் பலகையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். பூட்டுவதுதான் மரியாதை. திறந்து வைத்திருக்கிறவனை ஊர் தன் எதிரியாகப் பார்க்கும், மத்தியானத்துக்குள் அவனுடைய கண்ணாடிக்குக் கல் வந்துவிடும். அப்பாவும் மன்னாரில் கடைத்தெருவில் வளர்ந்தவர். நான் சொல்லி முடிக்குமுன் விளக்கை அணைத்து, யன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைப் பூட்டி, ஒரு கதிரையை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

இருட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய பானைச் சூப்பும். வெளியே தூறல். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் தட்டினார்கள். அப்பா திரையின் ஓரத்தைத் தூக்கி, நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்து காட்டினார். நாங்களும் உங்களோடுதான், உங்களுக்காகத்தான் பூட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். இன்னும் பலமாகத் தட்டினார்கள். "பாரும், எவ்வளவு சந்தோசப்படுதுகள்" என்று என்னிடம் சொன்னார். சந்தோஷப்படுகிறவர்கள் ஏன் காலால் உதைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கியூபெக்காரர் எதையும் கொஞ்சம் சத்தமாகத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீ பல்கலைக்கழகத்திலிருந்து பின்கதவால் வந்தாய். "அம்மா, ஏன் இருட்டுக்க இருக்கிறியள்? கரண்ட் இல்லையே?"

"சத்தம் போடாதை. ஹர்த்தால்."

"விசரே உங்களுக்கு? வெளியில அவை கோப்பி கேட்டு நிக்கினம். கடைக்காரர் மேலிடத்தின்ர பக்கம், அதுதான் எங்களுக்குத் தாறேல்லை எண்டு கதைக்கினம்."

அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "மேலிடத்தின்ர பக்கமோ? நானோ?" என்று கேட்டுக்கொண்டே முட்டுக் கொடுத்த கதிரையில் தானே இடித்து விழப் பார்த்தார். கதவைத் திறந்தால் வாசலில் ழினெட், முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பில்லை. நீ பிரெஞ்சில் விளக்கினாய். எங்கள் நாட்டில் வேலைநிறுத்தம் என்றால் கடையைப் பூட்டுவதுதான் ஆதரவு, இவர்கள் உங்களுக்கு மரியாதை செய்து இருட்டுக்குள் இருக்கிறார்கள் என்றாய். அவர் முதலில் வாயைப் பொத்தினார், பிறகு கண்ணைத் துடைத்தார், பிறகு தெருவைக் கடந்து ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கி முழுக்கூட்டத்துக்கும் அதைச் சொன்னார். ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படிக் கை தட்டியதில்லை, அதுவும் கடையைப் பூட்டியதற்காக. அரை மணித்தியாலத்தில் பானை காலி. சூப்புக்கு நின்ற வரிசையை விடக் கழிவறைக்கு நின்ற வரிசை நீளம். வேலைநிறுத்தக்காரருக்கு முதல் தேவை கொடியும் இல்லை, கோஷமும் இல்லை, கழிவறைதான் என்று அன்றைக்கு அறிந்துகொண்டோம்.

நாலைந்து நாளில் முடிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். முடியவில்லை. சம்பளம் நின்று, தொழிற்சங்கம் கொடுக்கும் சிறு தொகையில் வாழ்கிறவர்களின் வயிறு சுருங்குவதை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரி போல வேறு யாரும் பார்க்க முடியாது. முதலில் சூப்பும் சான்ட்விச்சும் வாங்கினார்கள். பிறகு சூப் மட்டும். பிறகு இரண்டு பேருக்கு ஒரு கோப்பி. கடைசியில் ஒரு வெட்கச் சிரிப்போடு நேரே கழிவறைக்கு. "இது கக்கூஸ் கடையாப் போச்சு" என்றார் அப்பா. மூலையில் டெப்பனர் என்கிற பெட்டிக்கடை வைத்திருந்த மட்டக்களப்புச் சின்னத்துரை அண்ணையிடம் சிகரெட்டும் லொத்தர் சீட்டும் வாங்க ஆளில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்துக் கார்டெரிக்கு அனுப்பாமல் கந்தோர்காரர் தங்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள், அதனால் அங்கே வேலை செய்த இளம்பெண் ஒருத்தியை வரவேண்டாம் என்றார்கள். அவள் எங்களிடம் தினமும் றோல்ஸ் வாங்குகிற பிள்ளை. அவள் வாங்காததால் நாங்கள் பேக்கரியில் பாண் வாங்குவதைக் குறைத்தோம். பேக்கரிக்காரன் யாரிடம் எதைக் குறைத்தானோ தெரியாது. ஒரு கட்டிடத்தின் கதவைத்தான் பூட்டினார்கள், தம்பி. தெரு முழுக்கச் சாப்பாட்டின் அளவு குறைந்தது.

திரேசம்மா அக்கா வந்த நாளில் நீ இல்லை, ஆகவே இதைக் கேள். எங்கள் கோயிலில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாரே, அவர்தான். அவர் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சொமாஜ் காசு வருவதற்குள் காசு கொடுக்கிற கந்தோரும் பூட்டு. மழையில் நனைந்து வந்தவர் நேரே ழினெட்டின் முன்னால் போய் நின்று யாழ்ப்பாணத் தமிழில் பொரிந்து தள்ளினார். "இவைக்குச் சம்பளம் கூட வேணுமாம்! எனக்கு ஒரு சம்பளமும் இல்லை. வீட்டு வாடகைக்கு நான் என்ன செய்யிறது? இவையின்ர கொடியைக் கிழிச்சுக் குடுக்கிறதோ? கேள் அவளை!" நான் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று ழினெட் கேட்டார். உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறாராம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ழினெட் திரேசம்மாவின் கையைப் பார்த்தார். "பிரார்த்தனை செய்கிறவர்கள் விரலை இப்படி நீட்டமாட்டார்கள், மதாம் சூப்" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லிவிட்டு நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ழினெட் கொடியைத் தாழ்த்தினார். பிறகு, "அவர் சொல்வது சரி. நாங்கள் இங்கே நிற்பதும் சரி. இரண்டும் சரியாக இருப்பதுதான் கஷ்டம்" என்றார். கையிலிருந்த கொடியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். லவாலில் ஒரு கந்தோரில் மேலதிகாரிகள் மட்டும் இருந்து அவசரமானவற்றைப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, திரேசம்மாவைப் பஸ்ஸில் தானே கூட்டிக்கொண்டு போனார். அங்கேயும் வாசலில் கொடியோடு ஆட்கள். ழினெட் அந்த வரிசையைத் தாண்டி உள்ளே போகவில்லையாம், சங்கக்காரர் அதைத் தாண்டக் கூடாதாம். தங்கள் ஆட்களிடம் வழிவிடச் சொல்லி அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை மழைக்குள்ளேயே நின்றாராம். பின்னேரம் திரேசம்மா கடைக்கு வந்து தேத்தண்ணி கேட்டார். அலுவல் முடிந்ததா என்று கேட்டேன். "அது சரிவரும் எண்டவை. ஆனா இவள் மனிசி நீ தந்த குடையையும் வாங்காமல் நனைஞ்சுகொண்டு நிண்டவளடி" என்றார். அந்த 'மனிசி'யில் கோபம் கொஞ்சமும் இல்லை.

இப்போது ரொறொன்ரோவுக்கு வருகிறேன். மொன்றியலில் இருக்கிற தமிழர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு ரொறொன்ரோ இருக்கிறது. காலில் பனி சறுக்கினாலும், பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தாலும், வாய் உடனே அங்கே போகும். எங்கள் வீட்டில் அதற்கு உன் சித்தப்பாவின் குரல். அங்கே ஸ்காபரோவிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்து, "அண்ணை, விட்டிட்டு வாங்கோ, இஞ்ச தமிழ்ச் சனம் சாப்பாட்டுக்கு லைன்ல நிக்குது" என்பார். பாஸ்குப் பெருநாள், உயிர்த்த ஞாயிறு, முடியக் கடையின் லீஸ் முடிகிறது, அதற்குள் நிமிராவிட்டால் புறப்படுகிறோம் என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. இந்தப் பனியில் விழாமல் நடக்கவும், இந்த மொழியில் சண்டை பிடிக்கவும் பழக எனக்கு எத்தனை வருடம் சென்றது! உன் படிப்பு முடியவில்லை, உன்னைத் தனியே விட வேண்டும். அதை விட, சொந்தக் கையால் கட்டிய ஒன்றை, எங்கள் பிழை ஒன்றுமில்லாமல், யாரோ இரண்டு தரப்பு ஒத்துப்போகாததால் இழப்பதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. உனக்கு நாங்கள் சிரித்த முகத்தைத்தான் காட்டினோம். குளிர் அறைக்குள் சூப்புக்கு முட்டைக்கோவா எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான் அழுதிருக்கிறேன். கோவா எடுக்க இவ்வளவு நேரமா என்று அப்பா கேட்டதில்லை, அதிலிருந்து அவருக்கும் தெரியும் என்று தெரிந்துகொண்டேன்.

முதல் பனி விழுவதற்குள் வேலைநிறுத்தம் முடிந்தது. தெருவில் கட்டிப்பிடித்தார்கள், விசில் ஊதினார்கள், ழினெட் என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் நான் விடியவே எழுந்து இரண்டு மடங்கு சமைத்தேன். அப்பா முகம் வழித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். மத்தியானம் வந்தது. கந்தோர்க் கதவு திறந்தேதான் இருந்தது. ஒருவரும் வரவில்லை.

இதைத்தான் நீ முக்கியமாகக் கேட்க வேண்டும். பூட்டியிருந்த காலத்தை எல்லோரும் கண்டார்கள், பத்திரிகையிலும் வந்தது. திறந்த பிறகு வந்த காலத்தை யாரும் எழுதவில்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அடைக்க வேண்டிய கடன் இருந்தது, வரப்போகும் கிறிஸ்மஸ் இருந்தது. அத்தனை பேரும் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கிழமை போனது, இன்னொரு கிழமையும் போனது. அப்பா சின்னத்துரை அண்ணையிடம் போய் மூடியுள்ள வாழைப்பழப் பெட்டிகளாகப் பார்த்து வாங்கி வந்து, குளிர்பெட்டிக்குப் பின்னால் அடுக்கினார். ரொறொன்ரோவுக்குச் சாமான் கட்ட.

அந்த நாட்களில் ஒன்றில் ழினெட் யன்னலைத் தாண்டிப் போவதைக் கண்டேன். முகத்தை மறுபக்கம் திருப்பி, கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வேகமாகப் போனார். எனக்கு வந்த கோபத்தை உனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழைக்கும் குளிருக்கும் என் கழிவறை வேண்டும், இப்போது என் முகம் வேண்டாமா? நாலு வார்த்தை கேட்டே விடுகிறேன் என்று கதவைத் திறந்து தெருவுக்கு வந்துவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவர் திரும்பினார். களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளையின் முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் கேட்க நினைத்த நாலு வார்த்தையும் போய்விட்டன. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "உங்கள் பெட்டியையும் கொண்டு உள்ளே வாருங்கள். இங்கே சூடு இருக்கிறது, கதிரை இருக்கிறது" என்றேன். வாங்கக் காசில்லை என்றார். வாங்கச் சொல்லி யார் கேட்டது என்றேன். இதைச் சண்டை போடுகிற குரலில்தான் சொன்னேன், ஏனென்றால் அந்தக் குரல்தான் தயாராக இருந்தது.

அடுத்த நாள் ழினெட் இன்னும் மூன்று பேரைப் பெட்டியும் கையுமாகக் கூட்டி வந்தார். பிறகு மேசைகள் நிரம்பின. கோயில் பழைய சாமான் விற்பனையில் இன்னொரு மைக்ரோவேவ் வாங்கிப் போட்டேன். அப்பா தலையில் கை வைத்தார். "சாப்பாட்டுக் கடைக்குச் சனம் சாப்பாடு கொண்டு வந்து சாப்பிடுது! இதென்ன, சத்திரமோ?" என்று தமிழில் கத்துவார். என்ன சொல்கிறார் என்று அவர்கள் கேட்பார்கள். உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறார் என்பேன். ழினெட்டுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறும்.

வெறும் கையோடு இருக்க வெட்கப்பட்டு அவர்கள் தங்கள் சாப்பாட்டில் ஒரு கரண்டி எங்களுக்கு வைக்கத் தொடங்கினார்கள். அப்படித்தான் பாதே சினுவா என்கிற சாப்பாடு அப்பாவின் வாய்க்குள் போனது. கீழே இறைச்சி, நடுவில் சோளம், மேலே மசித்த உருளைக்கிழங்கு. கியூபெக் வீடுகளில் இது இல்லாத கிழமை இல்லை. அப்பா கண்ணை மூடி மென்றார். "சாமான் நல்லது. ஆனா ஆரோ நித்திரையில சமைச்சிருக்கினம்" என்றார். மறுநாள் அதே இறைச்சியையும் சோளத்தையும் கிழங்கையும் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுத்தூளோடு வதக்கி, பற்றிஸ் மாவுக்குள் வைத்து மடித்துப் பொரித்தார். ழினெட் ஒன்றைக் கடித்துவிட்டு எழுந்து நின்றார். "இது என் அம்மாவின் சாப்பாடு, ஆனால் அம்மா விருந்துக்கு உடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்" என்றார். காசில்லாதவர்களும் ஒன்று வாங்கினார்கள், சின்னதுதானே. வெள்ளிக்கிழமைகளில், தவக்காலம் வந்தபோது, இறைச்சிக்குப் பதில் மீன் வைத்தார். அதையும் வாங்கினார்கள். கடை கொழுக்கவில்லை, ஆனால் மூச்சு விட்டது. அப்பா மட்டும் தன் முடிவை விடவில்லை. வாழைப்பழப் பெட்டிகளுக்குள் பெரிய சட்டிகளைப் பழைய பத்திரிகையில் சுற்றி வைக்கத் தொடங்கிவிட்டார். "மனம் இளகப்பிடாது" என்று எனக்குச் சொன்னார். இளகிக்கொண்டிருந்தது யாருடைய மனம் என்று நான் கேட்கவில்லை.

பாஸ்கு முடிந்த கிழமை கந்தோர்காரருக்குப் பழைய சம்பள நிலுவை வந்தது. அன்று மத்தியானம் ழினெட் பெட்டியில்லாமல் வந்தார். தனக்கு ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது, கடைசி நாள் விருந்துக்குக் கந்தோர் முழுவதற்கும் பற்றிஸ் வேண்டும், எல்லா மாடிக்கும், என்றார். அப்பா மூன்று தரம் திருப்பிக் கேட்டார். விருந்தன்று விடியற்காலையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் மடித்தோம், பொரித்தோம், அடுக்கினோம். அடுக்கப் போதுமான பெட்டி இல்லை. அப்பா ஒரு நிமிடம் குளிர்பெட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், கட்டி வைத்த சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நிலத்தில் வைத்தார். வாழைப்பழப் பெட்டிகளுக்குள் புதுக் காகிதம் விரித்துப் பற்றிஸை நிரப்பினார். நீயும் அவரும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தீர்கள். அத்தனை வருடமாக எதிரே இருந்த கட்டிடத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா தொலைபேசி எடுத்தார். "அண்ணி, அண்ணை எப்ப வெளிக்கிடுறார்?"

"வெளிக்கிட்டிட்டார்."

"ரொறொன்ரோவுக்கோ?"

"இல்லை. ரோட்டுக்கு அங்கால" என்றேன். அந்த லீஸைப் புதுப்பித்து அப்பா கையெழுத்துப் போட்டதும், இன்று வரை ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாததும் உனக்குத் தெரியும்.

தம்பி, உன் கந்தோரும் ஒருநாள் பூட்டும். பயப்படுத்தவில்லை, எதிர்பார்த்திரு என்கிறேன். அரசாங்கங்களுக்குக் கோபம் வரும், சங்கங்களுக்குக் கோபம் வரும், காசு இல்லை என்பார்கள், கதவில் பூட்டு விழும். அப்போது நீ கொடி பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாயானால் நில். நான் மறிக்கமாட்டேன், தடித்த காலுறை அனுப்பி வைப்பேன். உள்ளே இருந்து அவசரமானதைப் பார்க்கச் சொன்னால் திரேசம்மா அக்காவை நினைத்துக்கொண்டு பார். எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கம் இருக்கிறவர் விரலை நீட்டினால், அந்த விரலுக்குப் பின்னால் கட்ட வழியில்லாத ஒரு வீட்டு வாடகை இருக்கிறது என்று நினை. ழினெட்டிடம் நான் படித்தது அதுதான். இப்போதும் அவர் லொங்குய்யிலிருந்து வருகிறார். உறைப்பைக் குறைக்கச் சொல்கிறார். நான் குறைப்பதில்லை.

ஆனால் அந்த நாள் வரும்வரை காத்திருக்காதே. உன் சான்ட்விச்சைக் கணினிக்குக் காட்டிச் சாப்பிட்டது போதும். நாளைக்கே அதைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கட. வெட்கமாகத்தான் இருக்கும், ஒரு சூப் வாங்கினால் வெட்கம் குறையும். இந்தக் கடிதத்தோடு அப்பா ஒரு பெட்டி பற்றிஸும் பஸ்ஸில் அனுப்புகிறார். பாதி உன் கந்தோர்ச் சினேகிதருக்கு, பாதி எதிர்க்கடைக்கு. பிரித்துக் கட்டியிருக்கிறார், மாற்றிவிடாதே.

மத்தியான வேளையில் ஆளில்லாத கடை உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று உன் கந்தோரில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. உனக்குத் தெரியும். அதனால் அடுத்த ஞாயிறு நீ எடுக்கும்போது, சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த மனிசியின் பெயர் என்ன என்று கேட்பேன்.

அம்மா